பேண்ட் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு கையில் பிடித்தது கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியின் கிளையை ஒரே வெட்டில் சாய்க்கப் பழகிய கையில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. எழுத்துகள் சரிவில் நட்ட செடிகளைப் போல ஒரு பக்கமாகவே இறங்குகின்றன. சின்ன ர, பெரிய ற இரண்டில் எது எங்கே வரும் என்று இன்னும் எனக்குச் சந்தேகம். பிழை இருந்தால் வாசிக்கிறவர்களே திருத்திக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல முடிந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. அன்றைக்கு ஒரு தடவை பேசினேன். அதைப் பற்றித்தான் இது.

எங்களுக்கு ஒரே மகள். ஹட்டன் டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தாள். அந்தக் கடைக்கு எதிரே ஒரு ஹார்ட்வேர் கடை. தகரம், சிமெந்து, தண்ணீர்ப் பைப், பெயின்ட் எல்லாம் விற்பார்கள். அந்த முதலாளியின் மகனுக்கும் என் மகளுக்கும் ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்தே பழக்கமாகிவிட்டது. வீட்டில் வந்து அவளே சொன்னாள். அழவும் இல்லை, பயப்படவும் இல்லை. "அவங்க வீட்ல பேசிட்டாரு. பொண்ணு பாக்க வருவாங்க," என்றாள். என் சம்சாரம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அவங்க யாரு, நாம யாருன்னு அந்தப் பையனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்மா. எல்லாம் சொல்லியிருக்கேன். அவரு பாத்துக்கிறேன்னு சொன்னாரு. நீங்க ரெண்டு பேரும் ஒன்னும் பேசாம இருந்தாப் போதும்."

பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமான வேலையா? சரி என்றேன்.

பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்கள் ஒற்றைக் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். கூரையில் ஒழுகுகிற இடத்துக்குக் கீழே எப்போதும் ஒரு வாளி இருக்கும். அதை எங்கே ஒளிப்பது என்று ஒரு வாரம் பேசினோம். சம்சாரம் சந்தையில் பூப்போட்ட புதுக் கோப்பைகள் ஒரு செட் வாங்கிவந்து, கழுவி, துணியில் சுற்றி வைத்தாள். அந்த நேரத்தில்தான் பையனின் அம்மா போன் எடுத்தார். வீட்டுக்கு வேண்டாம், நுவரெலியாவில் ஆமி, நேவி எல்லாம் சேர்ந்து பெரிய பேண்ட் விழா நடக்கிறது, அங்கே எல்லோருமாகப் பார்த்துக்கொள்வோம் என்றார்.

"வீட்டுக்கு வந்தா லயமே கூடிரும். வெளிய சந்திச்சா ரெண்டு பக்கத்துக்கும் சங்கடமில்ல பாருங்க."

நல்ல பெருந்தன்மையான ஆள்கள் என்று நினைத்தேன். பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால் லயத்தில் எங்களுக்குத்தானே தலைகுனிவு, அதற்காக யோசித்திருக்கிறார்கள் என்று சம்சாரத்திடம் சொன்னேன். அவள் கோப்பைகளை மறுபடி பெட்டியில் வைத்துக்கொண்டே, "வீட்டுக்கு வந்தா நம்ம கையால தேத்தண்ணி குடிக்கணும்ல," என்றாள். நான் அவளைத் திட்டினேன். எதற்கெடுத்தாலும் குதர்க்கம் பேசுகிறாய் என்றேன்.

ஏப்ரல் மாதம் நுவரெலியாவில் சீசன். கொழும்பிலிருந்து கார் காராக வந்து இறங்குவார்கள். புதுவருஷம் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த விழா. நாங்கள் மூன்று பேரும் ஹட்டனில் ரயில் ஏறி நானுஓயாவில் இறங்கி, அங்கிருந்து வேனில் நெருக்கிக்கொண்டு டவுனுக்குப் போனோம். சம்சாரம் மடியில் பருப்பு வடைச் சட்டி. மகள் இளநீலத்தில் சுடிதார் போட்டிருந்தாள். நான் கல்யாணங்களுக்கு மட்டும் போடுகிற கால்சட்டையைப் போட்டிருந்தேன். முதலாளி வீட்டுக்காரர்கள் ஹட்டனிலிருந்தே சொந்த வேனில் வந்தார்கள். அதில் பத்துப் பேர் உட்காரலாம். அவர்கள் மூன்று பேர்.

மைதானத்து வாசலில் ஆமிக்காரர்கள் பைகளைப் பார்த்தார்கள். நான் சின்ன வயதில், யுத்தம் நடந்தபோது, பஸ்ஸிலிருந்து இறக்கி வரிசையில் நிற்கவைக்கப்பட்டவன். அந்த உடுப்பைப் பார்த்ததும் என் கை தானாகவே சட்டைப் பைக்குள் அடையாள அட்டையைத் தேடிப் போனது. வாசலில் நின்ற ஆமிப் பையனுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். அட்டையை நீட்டியதும் சிரித்துவிட்டு, வேண்டாம் மாத்தயா, உள்ளே போங்கள் என்று சிங்களத்தில் சொன்னான். வடைச் சட்டியை மட்டும் திறந்து பார்த்து மூக்கை நீட்டினான். சம்சாரம் ஒரு வடையை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

முதலாளியின் மகன் எங்களை அழைத்துப்போய் உட்காரவைத்தான். பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். முதலாளி எழுந்து நின்று கும்பிட்டார். பெரிய உடம்பு, கலகலப்பான மனுஷர். "வாங்க, வாங்க சம்பந்தி," என்றார். நான் பதிலுக்குக் கும்பிட்டு, "வணக்கம் முதலாளி," என்றேன். சம்சாரம் என் விலாவில் இடித்தாள். பிறகு காதுக்குள், "சம்பந்திங்கிறவர முதலாளிங்கிறீங்களே, சாமான் வாங்கவா வந்திருக்கோம்?" என்றாள். அது பையனின் அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் ஒரு மணி நேரம் எல்லாம் நன்றாக இருந்தது. பையனின் அம்மா எங்கள் வடையைத் தின்றார். ஒன்று தின்று, இன்னொன்றும் கேட்டு வாங்கித் தின்று, பெருஞ்சீரகம் போட்டீங்களா என்று கேட்டார். அவர் வீட்டிலிருந்து பெரிய பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்திருந்தார். ஒரு கூடையில் பளபளவென்று சில்வர் டம்ளர்கள். எல்லோருக்கும் அதில் ஊற்றிக் கொடுத்தார். எனக்குக் கொடுக்கும்போது சூடு என்று சொல்லி, சேலைத் தலைப்பால் டம்ளரைப் பிடித்து நீட்டினார். நான் அதைக் கையில் வாங்கிக்கொண்டு மகளைப் பார்த்தேன். அவள் மகாராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இது நடந்துவிடும் என்று அப்போது நம்பினேன். குடித்து முடித்ததும் டம்ளர்களை நாற்காலிக்கு அடியில் புல்லில் வைத்தோம்.

பேண்ட் தொடங்கியது. அதைப் பற்றியும் எழுத வேண்டும், அதற்காகத்தானே போனோம். முதலில் இராணுவம், பிறகு கடற்படை வெள்ளை வெளேரென்று, பிறகு விமானப்படை, பொலிஸ். முன்னால் ஒருவர் வெள்ளிப் பூண் போட்ட நீளக் கம்பை ஆகாயத்தில் வீசிப் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னால் குழல்கள், எக்காளங்கள், வளைந்து வளைந்து போகிற பெரிய பித்தளை வாத்தியங்கள். ஒருவர் காலை எடுத்து வைத்தால் எல்லோர் காலும் அதே இடத்தில் விழுந்தது. ஒலிபெருக்கியில் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் ஒவ்வொன்றையும் விளக்கிச் சொன்னார்கள். தமிழிலும் ஒரு தடவை சொன்னார்கள். குப்பையைத் தொட்டியில் போடும்படி.

எனக்குப் பித்தளை வாத்தியங்களில் கண் நிற்கவில்லை. மேளங்களில்தான் நின்றது. இடுப்பில் கட்டிய சின்ன மேளங்கள் வரிசையாக வந்தன. நடுவில் ஒருவர் வயிற்றை மறைக்கிற பெரிய மேளத்தைச் சுமந்துகொண்டு வந்தார். அவர் மார்பில் சிறுத்தைத் தோல் போர்த்தியிருந்தது. இரண்டு கையிலும் பஞ்சு உருண்டை வைத்த கம்புகள். அவற்றைத் தலைக்கு மேலே சுழற்றி, குறுக்கே மாற்றி அடித்தார். ஒவ்வொரு அடியும் நெஞ்சுக்குள்ளே வந்து விழுந்தது. முதலாளி எழுந்து நின்று கை தட்டினார்.

"பாத்தீங்களா சம்பந்தி! ராஜா மாதிரி நடக்குறான். மொத்த பேண்டும் அவன் கையிலதான். அவன் ஒரு அடி விட்டான்னா எல்லாம் போச்சு."

நான் தலையை ஆட்டினேன். சுற்றிலும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். சில பெண்கள் அவரைப் பார்த்துக் கையசைத்தார்கள். மேளம் அடிக்கிற ஒருவருக்காக ஜனங்கள் எழுந்து நிற்பதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன்.

என் அப்பா எங்கள் தோட்டத்தில் தப்பு அடித்தார். விடியக் கருக்கலில் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கிற அந்த வரிசைக்கு, ஆள்களை எழுப்ப அவர்தான் அடிப்பார். சாவு விழுந்தால் அடிப்பார். காமன் கூத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் அடிப்பார். தேருக்கு முன்னால் அடித்துக்கொண்டு போனாலும், கோயில் வாசல் வந்ததும் ஒதுங்கி வெளியே நின்றுவிடுவார். அவர் செத்த பிறகு நான் தப்பைத் தொடவில்லை. யாரோ கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இருக்கவில்லை. என் மகளை எவனும் தப்புக்காரன் பேத்தி என்று கூப்பிடாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்தது. சீசன் மழை, வந்த வேகத்திலேயே போகும். சிலர் குடை விரித்தார்கள். பேண்ட்காரர்கள் அசையவில்லை. நனைந்துகொண்டே அடித்தார்கள். மழை விட்டதும் அடுத்த பாட்டைத் தொடங்கினார்கள். பெரிய மேளத்தின் சத்தம் முன்னைப் போல இல்லை என்று எனக்குப் பட்டது. அடி விழுகிறது, நெஞ்சுக்கு வரவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பையனின் அம்மா என் சம்சாரத்திடம் சொன்னார்: "என்னங்க, சம்பந்தி வாயே தொறக்க மாட்டாரா? வந்ததுலேருந்து தலைய மட்டும் ஆட்டுறாரு."

"பேசுவாரே," என்றாள் சம்சாரம். "தேயிலைச் செடிகிட்ட மட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஏதாவது பேச வேண்டும், இவ்வளவு நல்ல மனுஷர்களிடம் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தால் மரியாதையில்லை என்று தோன்றியது. முதலாளியின் பக்கம் திரும்பினேன்.

"தோலு நனஞ்சிருச்சுங்க," என்றேன். "அதான் சத்தம் எறங்கிப் போச்சு. ஒருக்கா நெருப்புல காட்டுனாச் சரியாயிரும்."

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"தோலா! சம்பந்தி, அது பிளாஸ்டிக்குங்க. நம்ம கடையில விக்கிற பைப்பு மாதிரிதான். நெருப்புல காட்டுனா உருகி அவன் கையோட ஒட்டிக்கும்!"

பையனும் சிரித்தான். மறுபடியும் எல்லோரும் சிரித்தோம். நானும் வெட்கத்தோடு சிரித்தேன். இத்தனை பேர் என் பேச்சுக்குச் சிரித்தது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே முதலாளி கேட்டார்.

"ஆமா, நெருப்புல காட்டணும்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சும்மாதான் கேட்டார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நானும் சும்மாதான் சொன்னேன்.

"எங்கப்பா அடிக்கிறப்ப நான்தானுங்க காய்ச்சிக் குடுப்பேன். காஞ்ச தேயிலைக் குச்சியப் பொறுக்கியாந்து மூட்டி, தப்பக் காட்டுவேன்."

பிளாஸ்கை மூடிக்கொண்டிருந்த பையனின் அம்மாவின் கை நின்றது. மைதானத்தில் பேண்ட் சத்தம் காதை அடைத்துக்கொண்டுதான் இருந்தது. முதலாளியின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கண் வேறு எங்கோ போய்விட்டது. நாங்கள் மேளத்தை நெருப்பில் காட்டுவதைத் தோட்டத்தில் எல்லோரும்தான் பார்த்திருப்பார்கள். அப்படி நெருப்பில் காட்டுகிற கை எந்தச் சாதி வீட்டுக் கை என்றும் எல்லோருக்கும் தெரியும். முதலாளியின் அப்பாவும் ஒரு தோட்டத்தில் பிறந்தவர்தான். அவரையும் விடியற்காலையில் ஒரு தப்புதான் எழுப்பியிருக்கும். அவர் செத்தபோது தப்பில்லாமலா எடுத்தார்கள்?

பையனின் அம்மா என் சம்சாரத்தின் பக்கம் சாய்ந்தார். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க எந்த லயம்னு சொன்னீங்க? மேல் லயமா, பணிய லயமா?"

தோட்டத்து ஆள்களுக்கு இந்தக் கேள்வி புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் மேலே இருக்கிற லயங்களில் ஒரு சாதி, பள்ளத்தில் இருக்கிற பணிய லயங்களில் ஒரு சாதி என்று அந்தக் காலத்து வெள்ளைக்காரத் தொரைமார் பிரித்து வைத்தார்கள். தொரைமார் போய்விட்டார்கள்.

"இப்ப எல்லாம் ஒன்னாத்தாங்க இருக்கோம்," என்றாள் சம்சாரம்.

"அது சரி. முந்தி?"

சம்சாரம் என்னைப் பார்த்தாள். நான் புல்லைப் பார்த்தேன். பதில் சொன்னது என் மகள்.

"பணிய லயந்தாங்க. ஒங்க மகனுக்குத் தெரியும். கேட்டுப் பாருங்க."

அந்தப் பையன் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மோட்டார் சைக்கிளில் ஆமிக்காரர்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்றுகொண்டு போனார்கள். அதை விடப் பெரிய அதிசயம் உலகத்தில் இல்லை என்பது போலப் பார்த்தான்.

அதற்குப் பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். எழுந்து போவதற்கும் ஒரு தைரியம் வேண்டுமே. யாரும் எங்களைத் திட்டவில்லை. ஒரு சுடுசொல் வரவில்லை. முதலாளி என்னிடம் ஒன்றிரண்டு தடவை, குளிர் கூடிருச்சு என்று சொன்னார். சம்பந்தி என்கிற வார்த்தை மட்டும் போய்விட்டது. அண்ணன் என்றோ தம்பி என்றோ எதுவும் அந்த இடத்துக்கு வரவில்லை. பையனின் அம்மா பிளாஸ்கைத் திறந்து கூடையிலிருந்து வேறு டம்ளர் எடுத்துப் புருஷனுக்கும் தனக்கும் ஊற்றினார். மகனைப் பார்த்து, "தம்பி, அவங்களுக்கு அங்க விக்கிறான் பாரு, சூடா வாங்கிட்டு வா," என்றார்.

பையன் ஓடிப்போய்ப் பேப்பர் கப்பில் மூன்று தேத்தண்ணி வாங்கிவந்தான். பிளாஸ்கில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. அவர் அதைத் தூக்கிய விதத்திலிருந்தே கனம் தெரிந்தது.

சாவு வீடுகளில் என் அப்பாவுக்குப் பின்பக்கத்தில் வைத்து, தேங்காய்ச் சிரட்டையில்தான் தேத்தண்ணி ஊற்றுவார்கள். அவர் குடித்துவிட்டுச் சிரட்டையை வேலிக்கு வெளியே எறிவார். நான் பேப்பர் கப்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். நல்ல கப். கசக்கி எறிந்தால் மடியும். தொட்டியில் போடச் சொல்லித் தமிழில்கூட அறிவித்திருந்தார்கள். என் மகள் குடிக்கவில்லை. அவளுடையது அப்படியே ஆறிப்போனது.

கடைசியில் எல்லா பேண்டும் சேர்ந்து ஒரு பாட்டு வாசித்தன. எல்லோரும் எழுந்து நின்றோம். முடிந்ததும் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். ஜனங்கள் மைதானத்துக்குள் போய்ப் பேண்ட்காரர்களோடு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். முதலாளி மகனிடம் போனைக் கொடுத்துவிட்டு நேராகப் போனார், அந்தப் பெரிய மேளக்காரரிடம். சிறுத்தைத் தோல் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. முதலாளி அவர் தோளில் கையைப் போட்டு, மேளத்தின் மேல் மற்றக் கையை வைத்து, பல் தெரியச் சிரித்தார். "கிட்ட வந்து எடுடா, மேளம் தெரியணும்," என்று சத்தம் போட்டார். பையன் எடுத்தான்.

நான் நாற்காலியில் இருந்து அதைப் பார்த்தேன். உடுப்புப் போட்டுக்கொண்டு அடித்தால் ராஜா. அந்த மேளக்காரருடைய அப்பா என்ன வேலை செய்தார் என்று முதலாளி கேட்கவில்லை. எந்த ஊர், மேலா, பள்ளமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சிங்களத்தில் என்ன பதில் சொல்லியிருப்பாரோ எனக்குத் தெரியாது. அந்த மனுஷர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நன்றாகத்தான் அடித்தார்.

திரும்பி வந்ததும் கிளம்பினார்கள். பையனின் அம்மா கூடையைக் கட்டினார். எங்கள் வடைச் சட்டியை என் சம்சாரத்திடம் கொடுத்தார். நிறைய மீதி இருந்தது. "போயிட்டு வாறோம். போன் பண்றோம்," என்றார் முதலாளி. வேன் நிற்கும் பக்கம் நடக்கத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் பார்த்தேன். எங்கள் நாற்காலிகளுக்கு அடியில், முதல் தடவை நாங்கள் குடித்த மூன்று சில்வர் டம்ளர்களும் புல்லில் அப்படியே இருந்தன. நாற்காலியிலிருந்து வழிந்த மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. அவர்கள் குடித்தவை கூடைக்குள் போய்விட்டன. எனக்கு உடனே புரியவில்லை. அவ்வளவு நல்ல சாமானை மறந்துவிட்டுப் போகிறார்களே என்றுதான் பதறினேன். நாள் முழுக்க வராத குரல் அப்போது வந்தது.

"அம்மா! டம்ளர விட்டுட்டுப் போறீங்க!"

அந்தம்மா திரும்பிப் பார்த்தார். நான் கையைக் காட்டினேன். சுற்றிலும் வேறு ஆள்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பரவாயில்ல. நீங்களே வச்சுக்கங்க. வீட்ல நெறயக் கெடக்கு."

அதற்குப் பிறகும் எனக்குப் புரியாமல் இருக்குமா? குனிந்த என் தோளைச் சம்சாரம் பிடித்து, "எடுக்காதீங்க. கெடக்கட்டும், எடுக்காதீங்க," என்றாள். ஆனால் அதற்குள் மகள் குனிந்துவிட்டாள். மூன்றிலும் இருந்த தண்ணீரைக் கொட்டினாள். தன் இளநீல ஷாலால் உள்ளேயும் வெளியேயும் துடைத்தாள். அவசரப்படாமல் துடைத்தாள். துடைத்து ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, எடுத்துக்கொண்டு போய் அந்தப் பையனின் முன்னால் நின்று நீட்டினாள். அம்மாவிடம் அல்ல, அப்பாவிடம் அல்ல.

"இந்தாங்க," என்றாள். "ஒங்க வீட்டு டம்ளரு."

அவன் கையை நீட்டினால் போதும். வேறு ஒரு வார்த்தை வேண்டியதில்லை. நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கையில் போன் இருந்தது, மேளக்காரரின் படம் இன்னும் திரையில் வெளிச்சமாகத் தெரிந்தது. இடது கை சும்மாதான் இருந்தது. அது கொஞ்சம் அசைந்தது என்று சம்சாரம் இன்றைக்கும் சொல்கிறாள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். "வா தம்பி, மழை வருது," என்றார் அவர். மழை வரவில்லை. அவன் என் மகளிடம், "நான் கோல் பண்றேன்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு அவர்கள் பின்னால் போனான்.

அவள் நீட்டிய கையோடு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்து டம்ளர்களை எங்கள் பையில், வடைச் சட்டிக்கு மேலே வைத்தாள்.

வாசலில் அதே ஆமிப் பையன் நின்றான். வடை நன்றாக இருந்தது அம்மா என்று சிங்களத்தில் சொன்னான். சம்சாரம் சட்டியோடு தூக்கி அவனிடம் கொடுத்துவிட்டாள். அவன் திகைத்துப்போய்ச் சட்டியைத் திருப்பித் தர ஓடிவந்தான். வடைகளைத் தன் தொப்பியில் கொட்டிக்கொண்டு, வெறும் சட்டியை அவள் கையில் கொடுத்துக் கும்பிட்டான்.

நானுஓயாவுக்குப் போகிற வேனில் ஏறினோம். ரயில் வரும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நான் சொன்னேன்: "நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா..." மகள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பேசினதுல ஒன்னுமில்லப்பா. அவரு பேசாததுலதான்."

ஒரு வாரம் கழித்துப் பையனின் அம்மா போன் எடுத்தார். ஜாதகம் பொருந்தவில்லையாம். தோஷம் இருக்கிறதாம். சம்சாரம் சரிங்க, சரிங்க என்று கேட்டு முடித்து, போனை வைத்துவிட்டுச் சொன்னாள்: "நம்ம புள்ள ஜாதகத்த நாம இன்னும் எழுதவே இல்லயே." அன்றைக்குத்தான் நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். நல்ல சிரிப்பு இல்லை அது.

மகள் புடவைக் கடை வேலையை விடவில்லை. விடச் சொன்னேன். "நான் ஏன் விடணும்? அவங்க வேணும்னா கடையத் தூக்கிட்டுப் போகட்டும்," என்றாள். தினமும் காலையில் ரோட்டுக்கு இந்தப் பக்கத்தில் அவள் ஷட்டரைத் திறக்கிறாள், அந்தப் பக்கத்தில் அவன் திறக்கிறான். கோல் பண்ணினானா என்று நான் கேட்டதில்லை. அவளும் சொல்லவில்லை. போன மாசம் அவனுக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆனது என்று சம்சாரம் யார் வாயிலாகவோ கேள்விப்பட்டாள். அன்றைக்கும் மகள் வேலைக்குப் போனாள்.

சந்தையில் வாங்கிய பூப்போட்ட கோப்பைகள் இன்னும் துணிக்குள்தான் இருக்கின்றன. அந்த மூன்று டம்ளர்களை மட்டும் மகள் அடுப்படியில் முன்னால் வைத்திருக்கிறாள். ஒளித்து வை என்று சம்சாரம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள், கேட்கவில்லை. விடியற்காலையில் அதில்தான் தேத்தண்ணி ஊற்றி எனக்கும் கொடுத்து அவளும் குடிக்கிறாள். முதலில் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. இப்போது இறங்குகிறது. கசப்பு போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பழகிவிட்டது, அவ்வளவுதான்.

இன்றைக்கு நுவரெலியாவில் மறுபடி அதே பேண்ட் விழா. பஸ் ஸ்டாண்ட் சுவர் முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், அதில் அந்தப் பெரிய மேளக்காரரின் படம்தான், சிறுத்தைத் தோலோடு. பக்கத்துக் காம்பராக்காரர் குடும்பத்தோடு கிளம்பும்போது எட்டிப் பார்த்து, "நீங்க போகலயாண்ணே? போன வருஷம் போனீங்கள்ல, நல்லாருந்துச்சா?" என்று கேட்டார்.

"நல்லா அடிச்சாங்க," என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் போன பிறகு மகளிடம் பேனா கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. தேத்தண்ணியை ஊற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். எழுதி முடிக்கிற நேரத்தில் அது ஆறிவிட்டது. ஆறினாலும் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி, இருந்த இடத்தில் வைத்தேன்.

2025 ஏப்ரல் 27, ஞாயிற்றுக்கிழமை.